சரோஜாம்மாவின் முந்நூறு தட்டு சேஞ்சர்

1. பெட்டி வந்தது

காரைக்கால் கடைத்தெருவில் ரேடியோ, டேப், டிவி ரிப்பேர் பார்க்கும் ஒரு கடையில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. ஐ.டி.ஐ.யில் ரேடியோ டிவி மெக்கானிக் படித்துவிட்டு நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உள்ளே வருகிறவர்கள் என்னைப் பில் போடும் பெண் என்று நினைத்து, "மெக்கானிக் எப்ப வருவாரு?" என்று கேட்பார்கள். போகப்போகப் பழகிவிட்டார்கள். எத்தனையோ செட்டுகளைத் திறந்து மூடியிருக்கிறேன். அவற்றில் ஒன்று மட்டும் இப்போதும் என் தூக்கத்தில் வந்து சுழல்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

சுனாமி வந்துபோய் இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். ஒரு பகல் நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. டிரைவரும் ஒரு பெரியவரும் கறுப்பு நிறப் பெட்டி ஒன்றை மீன்கூடை தூக்குவதுபோல ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பின்னாலேயே கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. "பாத்து, பாத்து, சாய்க்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கடை முதலாளி ராமலிங்கம் அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்னங்க இது, வாஷிங் மெஷினா?"

"சிடி சேஞ்சர்ங்க. முந்நூறு சிடி ஒண்ணா போடலாம்" என்றார் அந்த அம்மா.

அவர் பெயர் சரோஜா. நெடுங்காட்டில் நெல் விவசாயம் செய்யும் குடும்பத்துப் பெண். உடன் வந்தவர் கணவர் அஞ்சப்பன். கோட்டுச்சேரிமேட்டில் கடல் தொழில் செய்யும் வீட்டில் பிறந்து, சின்ன வயதிலேயே பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து போனவர். எங்கள் பக்கம் அப்படிப் போனவர்களைச் சொல்தா என்போம். ராணுவத்தை விட்ட பிறகும் இருவரும் பாரிஸ் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு அப்போதுதான் ஊருக்குத் திரும்பி, கோட்டுச்சேரிமேட்டில் கடலைப் பார்த்த மாதிரி மாடிவீடு கட்டிக் குடிவந்திருந்தார்கள்.

"பாரிசுல பழைய சாமான் கடையில வாங்கினது. அப்பவே அதுக்கு வயசாயிடுச்சு. ஆனா நல்லாப் பாடிக்கிட்டு இருந்துச்சு. கப்பல்ல வந்து இறங்கினதுலேருந்து வாயே தொறக்க மாட்டேங்குது" என்றார் சரோஜாம்மா.

ராமலிங்கம் அண்ணன் மூடியைத் தட்டிப் பார்த்தார். "இதுக்கெல்லாம் பார்ட்ஸ் கெடைக்காதும்மா. பாட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க. தீப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா வருது, அதுல அடங்கிடும்."

"டப்பாவுல நான் என்னா பாட்டு கேக்குறனோ அதத்தான் பாடும். இது எத எடுக்கும்னு எனக்கே தெரியாது. அதுக்காவத்தான் வாங்கினேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். முடியாது என்று சொல்லிவிடு என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மேல்மூடியைக் கழற்றினேன்.

உள்ளே பெரிய வட்ட மேடை. அதன் ஓரம் முழுக்கச் சன்னமான பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு சிடித் தட்டு செங்குத்தாக நின்றது. தெருவிலிருந்து வந்த வெளிச்சம் பட்டதும் அத்தனை தட்டுகளிலும் ஏழு நிறமும் ஓடியது. மேடையை விரலால் லேசாகத் தள்ளினேன். அந்த நிறமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து கடைச் சுவரில் போய் விழுந்தது. டீ கொண்டுவந்த அம்மாள்கூடத் தம்ளரைக் கீழே வைக்காமல் நின்றுவிட்டாள்.

"வச்சிட்டுப் போங்க, பாக்குறேன்" என்றேன்.

2. உப்பு

இந்த மாதிரி சேஞ்சர் வேலை செய்யும் விதம் எளிமையானதுதான். நம்பரைக் கொடுத்தால் மேடை சுழன்று அந்தப் பள்ளத்தை எதிரே கொண்டுவந்து நிறுத்தும். ஒரு கை தட்டைத் தூக்கி நடுவில் இருக்கும் பிளேயருக்குள் தள்ளும். பாட்டு முடிந்ததும் திரும்ப எடுத்து அதே பள்ளத்தில் வைக்கும். நம்பர் கொடுக்காமல் ரேண்டமில் விட்டால், ஏதோ ஒரு தட்டில் ஒரு பாட்டு, அடுத்து வேறொரு தட்டில் ஒரு பாட்டு என்று தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டே போகும்.

எங்கள் ஊர்க் காற்றில் இருக்கும் உப்பு இந்தப் பெட்டியை நன்றாகத் தின்றிருந்தது. ஸ்விட்சுகளின் உள்ளே பச்சை பூத்திருந்தது. ரப்பர் பெல்ட்டைத் தொட்டால் தார் மாதிரி விரலில் ஒட்டியது. கியர்களில் இருந்த கிரீஸ் காய்ந்து மெழுகாகிக் கிடந்தது. பள்ளங்களை எண்ணும் சென்சார் மேல் படலம். லென்ஸோ ஒளி இழந்த கண் மாதிரி இருந்தது.

முதலில் தட்டுகளை எல்லாம் நம்பர் மாறாமல் எடுத்து வெள்ளைத் துணி விரித்து வைத்தேன். பள்ளம் பள்ளமாக பிரஷ் போட்டுத் துடைத்தேன். காண்டாக்ட் கிளீனர் அடித்து ஸ்விட்சுகளைச் சுரண்டினேன். பெல்ட்டுக்குப் பழைய டேப் டெக் ஒன்றின் பெல்ட் ஏறக்குறைய பொருந்தியது. லென்ஸ் யூனிட்தான் பெரிய தலைவலி. ஓடாத விசிடி பிளேயர்களாகத் தேடித் தேடித் திறந்து பார்த்ததில், திருமலைராயன்பட்டினத்துக் கல்யாண வீடியோக்காரர் ஒருவர் மூலையில் போட்டு வைத்திருந்த பிளேயரில் அதே யூனிட் கிடைத்தது.

மற்ற வேலைகளுக்கு நடுநடுவே பார்த்ததால் பல வாரம் பிடித்தது. கடைசியில் ஒரு மத்தியானம் பவர் கொடுத்தேன். மேடை சுழன்றது, நின்றது, கை தட்டைத் தூக்கியது. பிறகு ஒரு நாகஸ்வரம். கடைத்தெரு இரைச்சல் எல்லாம் அப்படியே இருக்க, எனக்கு மட்டும் அது எங்கோ போய்விட்ட மாதிரி இருந்தது. ராமலிங்கம் அண்ணன் கல்லாவில் உட்கார்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பாட்டு முடிந்தது. திரும்பவும் மேடை சுழன்றது. இந்தத் தடவை அக்கார்டியனோடு ஒரு பிரெஞ்சுக்காரி பாடினாள். என்ன சொல்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

3. இடைவெளி

பெட்டியை அவர்கள் வீட்டு மாடி ஹாலில் இறக்கி வைத்தேன். இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு ஸ்பீக்கர்கள். ஹாலைத் தாண்டினால் பால்கனி, அதற்கப்பால் மணல், படகுகள், கடல். இவ்வளவு அழகான இடத்தில் ஜன்னல்கள் எல்லாம் சாத்தித் திரை போட்டிருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சரோஜாம்மாவே காரணத்தைச் சொன்னார். "எங்க ஊர்ல தண்ணின்னா வாய்க்கால்தான். காவிரித் தண்ணி வந்தாலும் சத்தம் போடாம வரும். இங்க அலை பகலு ராத்திரி விடாம அடிக்குது. அதுவும் அந்த சுனாமிய டிவியில பாத்ததுலேருந்து எனக்கு அந்தச் சத்தமே ஆவல. டவுன்ல வீடு பாக்கலாம்னேன். இவரு கேக்கல."

அஞ்சப்பன் ஐயா சிரித்தார். "பொறந்த எடத்துல வந்து ஒக்காரணும்னுதானே அம்புட்டு வருஷம் அங்க குளிர்ல கெடந்தேன்? அவளுக்குக் கடல் கேக்கக்கூடாது, எனக்குக் கேக்கணும். நடுவுல இந்தப் பொட்டி."

சரோஜாம்மா பாரிசில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவர். இயந்திர இரைச்சலிலிருந்து வீடு திரும்பினால், ரேண்டமில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாராம். எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே அடுத்து வரும் பாட்டைப் பொறுத்தது என்றார்.

இரண்டு வாரத்தில் கடைக்குப் போன் வந்தது. "வசந்தா, எல்லாம் நல்லா இருக்கு. ஆனா ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவுல ரொம்ப நேரம் எடுக்குது. அந்த சந்துல கடல் உள்ள வந்துடுது."

நான் போட்டது வேறு செட்டின் பெல்ட். அது கொஞ்சம் தளர்வு. மேடை மெதுவாகச் சுழன்றது. போய்ப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. சரியான அளவில் ஒரு பெல்ட் கிடைத்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

4. வெள்ளைக் காலை

தை மாதம். பெல்ட் கிடைத்துவிட்டது. கடை திறப்பதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று காலையிலேயே பஸ் ஏறினேன். வழியெல்லாம் மூடுபனி. பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தபடி ஊர்ந்தது. இறங்கி நடந்தபோது என் கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத் தெரிந்தது. வீடுகள் இல்லை, தென்னை இல்லை. எங்கேயோ ஒரு சேவல் கூவியது, அது வானத்தில் இருந்து கூவுவதுபோல் இருந்தது.

சரோஜாம்மா காபி கொடுத்தார். சேஞ்சர் அன்றைக்குக் கிளம்ப மறுத்தது. ஈரக்காற்று பட்டு முன்பக்கப் பட்டன்கள் எதுவும் பிடிக்கவில்லை. இரண்டு தடவை பவர் கொடுத்தும் சும்மா இருந்தது. மூன்றாம் தடவை, முன்பு விட்டிருந்த ரேண்டமிலேயே தானாக ஓடத் தொடங்கியது. மூடியைத் திறந்து வைத்து, எந்த இடத்தில் பெல்ட் வழுக்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கீழே கதவைத் தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு பாக்கியம் படியேறி ஓடிவந்தாள். மீன் வாங்கி விற்கிறவள். அவள் புருஷன் கோவிந்தன் ஃபைபர் போட்டில் போகிறவர்.

"யக்கா! பாட்ட சத்தமா வைங்க யக்கா!"

"என்னாடி, என்னா ஆச்சு?"

"அவரு இன்னும் வரல. எல்லாப் போட்டும் பனி எறங்குறதுக்குள்ள கரைக்கு வந்துடுச்சு. இவரும் என் தம்பியும்தான் வரல. இப்பத்தான் போன் வந்துச்சு. 'எல்லாம் வெள்ளையா இருக்கு, கரை எந்தப் பக்கம்னே தெரியல'ங்குறாரு. அப்படியே கட்டாயிடுச்சு."

தெற்கே கொஞ்ச தூரத்தில், ஆறு கடலில் சேரும் இடத்தில் கருங்கல் கொட்டியிருந்தார்கள். வழி தவறி அந்தப் பக்கம் போனால் அலை போட்டைத் தூக்கிக் கல்லில் அடித்துவிடும். அதை பாக்கியம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

"கரையில வெடி போட்டாங்க. ஒரு தடவ டமார்னா, எந்தப் பக்கமிருந்து வருதுன்னு அங்க புடிபடாது. கோயிலுக்கு மைக் செட்டு திருவிழாவுக்குத்தான் வரும். ஜன்னல் சாத்தியிருந்தாக்கூட ஒங்க வூட்டுப் பாட்டு வலை போடுற எடம் வரைக்கும் கேக்குதுன்னு அவரு சொல்லியிருக்காரு. அது எங்கேருந்து வருதுன்னு அவருக்குத் தெரியும்."

சரோஜாம்மா காபித் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு திரைகளை இழுத்துத் தள்ளினார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் படார் படாரென்று திறந்தார். பனி புகை மாதிரி உள்ளே வந்தது, அதோடு அலைச் சத்தமும்.

அஞ்சப்பன் ஐயாவும் நானும் ஸ்பீக்கர்களைப் பால்கனிக்கு இழுத்து, கடலைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். ஒயர் சரியாக எட்டியது. ஆம்ப்ளிஃபயரின் குமிழை முழுதாகத் திருப்பினேன். ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாக்கியத்தோடு கரைக்கு ஓடினார்.

ஒரே தட்டைத் தொடர்ந்து ஓடவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பட்டன் பிடிக்கவில்லை. பவரை நிறுத்திப் போட்டால் திரும்பக் கிளம்புமா என்பது நிச்சயம் இல்லை. ஓடுகிற செட்டில் கை வைக்காதே என்று மனசு சொன்னது. அப்படியே விட்டேன்.

அந்தக் காலையை எப்படிச் சொல்வது? எதிரே ஒன்றுமே இல்லை. வெள்ளை மட்டும். அந்த வெள்ளைக்குள் வீணை போனது. அதன் பின்னால் ஒரு பழைய சினிமாப் பாட்டு போனது. அந்தப் பிரெஞ்சுக்காரி அக்கார்டியனோடு போனாள். ஒவ்வொன்றும் மேலே மிதந்து போய்க் கரைந்தது. நடுநடுவே மேடை சுழலும் மெல்லிய உறுமல். அந்த நேரம் கரையில் நிற்பவர்கள் பேச்சு மட்டும் கேட்கும். ஆட்கள் தெரியமாட்டார்கள். அடுத்த பாட்டு எழுந்ததும் அவர்களும் காணாமல் போவார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேனா என்று சந்தேகமாக இருந்தது. சரோஜாம்மா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடலுக்கு முகம் காட்டி நின்றார்.

திடீரென்று பாட்டு முடிந்தும் அடுத்தது வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். மோட்டார் சுற்றுகிறது, மேடை நகரவில்லை. பெல்ட் ஈரத்தில் வழுக்கிவிட்டது. கீழேயிருந்து பாக்கியத்தின் குரல்: "ஏன் நின்னுபோச்சு? யக்கா, ஏன் நின்னுபோச்சு?"

புதுப் பெல்ட் பையில் இருந்தது. அதை மாட்ட மேடையைக் கழற்ற வேண்டும். அதற்கு நேரம் இல்லை. சரோஜாம்மா டார்ச்சை எடுத்துவந்து உள்ளே அடித்தார். முந்தானையால் பெல்ட்டின் ஈரத்தை ஒற்றினேன். போதவில்லை. கடைசியில் மேடையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து, மோட்டார் தள்ளும் பக்கமாகவே மெல்லத் தள்ளினேன். தட்டுகள் நகர்ந்தன. ஒவ்வொரு பள்ளமாக விரலுக்கடியில் போவது தெரிந்தது. எந்த நம்பரை அது தேடுகிறது என்று எனக்குத் தெரியாது. சென்சார் பார்த்துக்கொள்ளும் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். எங்கோ ஓரிடத்தில் மோட்டார் நின்றது. கை ஒரு தட்டைத் தூக்கியது.

நாகஸ்வரம். கடையில் முதன்முதலாகப் பாடியதே அதுவா, வேறா என்று யோசிக்க அப்போது எனக்கு நேரமில்லை. அது பனியைக் கிழித்துக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் நான்தான் மேடையைத் தள்ளினேன். எத்தனை பாட்டு என்று நினைவில்லை. ஒரு பாட்டின் நடுவில் கரையில் கூச்சல் எழுந்தது. "போட்டு! போட்டு!" சரோஜாம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைக்குள் முதலில் ஒரு கறுப்புக் கோடு, பிறகு ஆள் உருவம் இரண்டு. போட்டு மணலில் ஏறி நின்றது. பாக்கியம் தண்ணீருக்குள் இறங்கி ஓடுவது தெரிந்தது.

5. கோவிந்தன் சொன்னது

பனி விலகிய பிறகு கோவிந்தன் மாடிக்கு வந்தார். தலையில் துண்டு, கால் முழுக்க மணல். ஹாலுக்குள் வராமல் படியிலேயே நின்றார். சரோஜாம்மா கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"என்ஜின நிறுத்திட்டுக் கேப்போம். பாட்டு வர்ற பக்கமா கொஞ்சம் ஓட்டுவோம். திரும்ப நிறுத்துவோம்" என்றார் கோவிந்தன்.

நான் தயங்கிச் சொன்னேன். "நடுவுல ரொம்ப நேரம் நின்னுபோச்சுங்க. பெல்ட் வழுக்கிடுச்சு. ஒங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு..."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதான் எங்களக் காப்பாத்துச்சு."

"என்ன சொல்றீங்க?"

"என்ஜின நிறுத்திட்டு ஒக்காந்திருக்கோம். தண்ணி இழுக்குது, போட்டு தன்னால தெக்க போவுது. பாட்டு கேட்டுக்கிட்டே இருந்தா நாங்க அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்திருப்போம். அது நின்னுச்சு பாருங்க, அப்பத்தான் கல்லுல அலை மோதுறது கேட்டுச்சு. கிட்டக்க. ரொம்பக் கிட்டக்க. மச்சான் என்ஜினப் போட்டுத் திருப்பினான். அப்புறம் நாயனம் கேட்டுச்சு. அது வந்த பக்கமே வந்துட்டோம்."

சரோஜாம்மா எழுந்து போய்க் காபி கொண்டுவந்தார். கோவிந்தன் வாங்கிக்கொண்டு, "நன்றிக்கா" என்றார். சரோஜாம்மா பதிலுக்குப் பிரெஞ்சில் அவருக்கே நன்றி சொல்வதுபோல, "மெர்சி, மெர்சி" என்றார். கோவிந்தனுக்கு அது புரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார்.

புதுப் பெல்ட்டை அன்றே மாட்டினேன். மேடை இப்போது சுறுசுறுப்பாகச் சுழன்றது. இடைவெளி பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. சரோஜாம்மா கேட்டுப் பார்த்தார்.

"பழைய பெல்ட்டு இன்னும் ஓடுமா?"

"துடைச்சு மாட்டினா ஓடும்மா. ஆனா மெதுவாத்தான் சுத்தும்."

"அதையே மாட்டிடு. அந்த சந்து இருக்கட்டும்."

ஒரு மெக்கானிக் தான் செய்த நல்ல வேலையைக் கழற்றி வைப்பது அபூர்வம். நான் அன்றைக்குக் கழற்றினேன். வழுக்காமல் இருக்க மட்டும் கப்பியைச் சுத்தம் செய்து, மோட்டாரை வேகம் கூடாத அளவுக்குக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி முடுக்கினேன்.

6. பிறகு

அடுத்த வருடம் லென்ஸ் துடைக்கப் போயிருந்தேன். காலை வெயில் ஹாலுக்குள் பாதி தூரம் வந்திருந்தது. சேஞ்சர் ஓடவில்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று பவர் ஸ்விட்சைத் தொடப் போனேன்.

"இரு வசந்தா" என்றார் சரோஜாம்மா. பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் ரெண்டு போட்டு வரல. என்ஜின் சத்தம் கேட்டா எனக்கே தெரியும். கோவிந்தன் போட்டு இருமுற மாதிரி வரும். வந்ததும் போடலாம்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. அலை வந்து வந்து போனது. அஞ்சப்பன் ஐயா மணலில் வலை உதறுகிறவர்களோடு நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழித்து, தூரத்தில் ஓர் இருமல் கேட்டது.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். பழுது பார்த்த செட்டைக் கொண்டுபோய் வைத்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஒரு பாட்டு முடியும்வரை அந்த வீட்டில் உட்காருங்கள். கடை மேஜையில் நாம் கேட்பது செட்டை மட்டும்தான். அது யார் யாருக்குக் கேட்கிறது என்பது அங்கே போய் உட்கார்ந்தால்தான் தெரியும்.